ஹீட்டர் விஷயமாகச் சம்பந்திக்கு

அம்பிட்டிய,
கண்டி.
மார்கழி, ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்புக்குரிய சம்பந்தி தில்லையம்பலம் ஐயா அவர்களுக்கு,

கண்டியிலிருந்து வீரய்யா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், மனைவி இராஜேஸ்வரியும், மகன் யுகேஷும், தங்கள் புதல்வியும் எங்கள் மருமகளுமான கிருஷாந்தியும் கட்டுக்கலைப் பிள்ளையார் புண்ணியத்தில் நலம். சாவகச்சேரியில் தங்கள் நலமும், தங்கள் இரத்த அழுத்தத்தின் நலமும் அறிய ஆவல்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் எதைச் சொன்னாலும் தாங்கள் "ஓம், ஓம்" என்கிறீர்கள். அது சம்மதமா, சலிப்பா, நான் பேசுவது காதில் விழுகிறது என்பதற்கான அடையாளமா என்று கல்யாணம் முடிந்த நாளிலிருந்து எனக்குப் பிடிபடவில்லை. அதோடு, ஆயுள் பூராவும் மாநகர சபையில் கிளார்க்காக இருந்தவன் நான். ஒரு விஷயம் எழுத்தில் இருந்தால்தான் அது நடந்தது என்ற நம்பிக்கையே எனக்கு வரும்.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு நாம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது திடீரென்று இருட்டாகி, ஒரு பெண் அலறி, தொடர்பு அறுந்ததே, அதில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அலறியது என் மனைவி. காரணம் முறுக்குத் தட்டு. அதற்குப் பிறகு தாங்கள் யுகேஷைக் கூப்பிட்டு, "குளிரிலயும் இருட்டிலயும் பிள்ளையை விட்டிட்டு என்னால நிம்மதியா இருக்கேலாது தம்பி, பொங்கலுக்கு முன்னம் நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்று சொன்னதாக அறிந்தேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மலையகத்தில் எங்கள் பக்கத்துக்குப் பெண் கொடுக்க யாழ்ப்பாணத்தில் உங்கள் பக்கத்தில் எவ்வளவு யோசிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. பிள்ளைகள் இருவரும் பேராதனையில் படிக்கும்போதே விரும்பிவிட்டார்கள் என்று தெரிந்ததும், தாங்கள் ஊர்ப் பேச்சைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சம்மதித்தீர்கள். அப்படிக் கொடுத்த பெண்ணை, குளிர் தாங்கவில்லை என்று வருஷம் திரும்புவதற்குள் அப்பா வந்து கூட்டிப்போனார் என்றால் நான் எந்த முகத்தோடு கடைத்தெருவில் நடப்பது? அதையும் விடுங்கள். உள்ளதைச் சொல்கிறேன், அந்தப் பிள்ளை இல்லாத வீட்டில் எங்களால் இருக்க முடியாது. அவள் வந்த பிறகுதான் இராஜேஸ்வரி வாய்விட்டுப் பேசவே தொடங்கியிருக்கிறாள். பேசுவது முழுக்க என்னைப் பற்றிய முறைப்பாடுதான், இருந்தாலும் வீடு கலகலவென்று இருக்கிறது.

ஆகையால், ஹீட்டர் வாங்கிய விவரத்தை ஒளிவுமறைவின்றித் தெரிவிக்கிறேன். கார்த்திகை மழையோடு கிருஷாந்தி தங்களிடம் போனில் "குளிருது அப்பா" என்று சொல்லத் தொடங்கியதுமே நான் உஷாராகிவிட்டேன். யுகேஷ் எதையெதையோ பார்த்துவிட்டு, "இன்ஃப்ராரெட் ஹீட்டர் தான்ப்பா நல்லது, நீங்களே பாத்து வாங்கிட்டு வாங்க" என்றான். மாநகர சபையில் நான் வீதி விளக்குப் பிரிவில் இருந்தவன் என்பதால், வயர் உள்ள எதை வாங்குவதென்றாலும் இந்த வீட்டில் என்னைத்தான் அனுப்புவார்கள். விளக்கு எரியவில்லை என்று வரும் கடிதங்களைத் துளைபோட்டுக் கோவையில் கட்டிவைப்பதுதான் என் வேலையாக இருந்தது. விளக்கு ஏன் எரிகிறது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. இதைத் தயவுசெய்து யுகேஷிடம் சொல்லவேண்டாம்.

கடுகண்ணாவையில் அஸ்ஃபர் என்பவர் மின்பொருள் கடை வைத்திருக்கிறார். தங்கமான மனிதர். ஹீட்டர் என்றதும், "நாங்க இத நுவரெலியாக் குளிருக்குத்தானே அனுப்புற, கண்டியில எதுக்கு ஐயா?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்து மருமகள் என்றேன். புரிந்துகொண்டு மூன்று ஹீட்டர்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று குவார்ட்ஸ் குழாயாம், ஒன்று கார்பன் குழாயாம், மற்றதில் குழாயே இல்லை, சும்மா ஒரு வெள்ளைத் தட்டை.

"மூணுமே இன்ஃப்ராரெட்தான் ஐயா. இது காத்தச் சூடாக்காது, ஆளத்தான் சூடாக்கும்."

"முன்னால ஆள் இல்லேன்னா?"

"அப்ப செவரு சூடாகும்."

"செவருக்கு எதுக்குங்க சூடு?"

அவர் ஒரு ஹீட்டரை என் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு, "இன்ஃப்ராரெட் கண்ணுக்குத் தெரியாது ஐயா" என்றார்.

"தெரியுதே, செவப்பா?"

"அது வேற செவப்பு."

"அப்ப இந்தச் செவப்பு எதுக்கு?"

"எரியுதெண்டு நமக்கொரு நம்பிக்க வரத்தான்."

இதற்கு மேல் கேட்டால் வீதி விளக்குப் பிரிவின் மானம் போய்விடும் என்று தலையை ஆட்டிவைத்தேன். குவார்ட்ஸ் சட்டென்று சூடாகிச் சட்டென்று ஆறுமாம். கார்பன் கொஞ்சம் இதமாம். தட்டை மெதுவாகத்தான் சூடாகுமாம், ஆனால் வெளிச்சமே வராதாம். வெளிச்சம் வராவிட்டால் ஹீட்டர் வேலை செய்வது வீடியோவில் தங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த ஒரே காரணத்துக்காகச் சிவப்பாக எரியும் கார்பனை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்தால் அதன் பிளக்கில் சதுரக் கால். எங்கள் வீட்டுச் சுவரிலோ எல்லாம் உருண்டை ஓட்டை. சதுர ஓட்டை இருப்பது ஒரே ஓர் இடத்தில், அது சமையலறையில், ரைஸ் குக்கருக்காக யுகேஷ் போட்டது. ஆகவே வீட்டிலேயே ஏற்கெனவே சூடாக இருக்கும் அறையில் ஹீட்டரை வைத்து, அடுப்புக்கும் ஹீட்டருக்கும் நடுவில் ஒரு கதிரை போட்டுக் கிருஷாந்தியை உட்காரவைத்தோம். கொஞ்ச நேரத்தில் அவள், "மாமா, எனக்கு வேர்க்குது. ஒரு ஃபேன் கொண்டுவந்து போடட்டே?" என்று கேட்டாள். குளிர் உள்ளே இறங்கிக் காய்ச்சலாகத் திரும்புகிறது என்று பயந்துபோய் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம். வாயைக் கோணிக்கொண்டு குடித்தாள்.

ஐயா, இங்கேதான் எனக்குத் தலை சுற்றுகிறது. தங்களோடு பேசும்போது ஸ்வெட்டர் போட்டு, காதை மூடிச் சால்வை சுற்றி, பல் கிட்டிப்போய் நடுங்குகிறாள். போனை வைத்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளிக்கிறாள். யுகேஷோடு வாவிக்கரைக்குப் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வருகிறாள். போன் வழியாகக் குளிர் வருமா என்றால், சாவகச்சேரியில் வெயில் கொளுத்துவதாகத் தாங்களே சொல்கிறீர்கள். இப்படி ஒரு குளிரை நான் கண்டதில்லை.

சமையலறை சரிவராது என்று எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து ஹீட்டரை ஹாலுக்குக் கொண்டுவந்தோம். அஸ்ஃபர் சொன்னது சரிதான், அது ஆளைத்தான் சூடாக்குகிறது, அதுவும் ஒரு பக்கம் மட்டும். முகம் வேகிறது, முதுகு விறைக்கிறது. தோசையைத் திருப்பிப் போடுவது மாதிரி நாங்கள் எல்லோரும் அடிக்கடி திரும்பி உட்கார்ந்தோம். திரைச்சீலை வழியாகச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்த பக்கத்து வீட்டு ரத்தினம்மா, என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள். வந்தவள் ஹீட்டரைக் கண்டதும், "அட, ஆஸ்பத்திரியில என் முட்டிக்கு வச்ச லைட்டுல்ல இது!" என்று கதிரையை இழுத்துப்போட்டு முழங்காலை நீட்டிவிட்டாள். அன்றிலிருந்து தினமும் மாலையில் ரத்தினம்மாவின் முட்டி வருகிறது. தங்கள் மகள் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். வலியோடு வருகிற மனுஷியை எழுந்து போ என்று எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஹீட்டர் எரிவதைத் தங்களுக்குக் காட்டி மனதைக் குளிரவைக்கலாம் என்று நான் அதைக் கூடுதலில் திருகிய அதே நேரம், இராஜேஸ்வரி அதே வயரில் தேத்தண்ணிக்குக் கேத்தலையும் மாட்டிவிட்டாள். மெயின் சுவிட்ச் விழுந்துவிட்டது. இருட்டில் அவள் கையிலிருந்த முறுக்குத் தட்டும் விழுந்தது. தாங்கள் கண்டதும் கேட்டதும் இவ்வளவே.

மறுநாளே கார்பனைத் தூக்கிக்கொண்டு மாற்றப் புறப்பட்டேன். வாசலில் ரத்தினம்மா வழிமறித்து, "எங்கண்ணே கொண்டுபோறீங்க? இப்பத்தான் முட்டி மடங்குது" என்று கண்கலங்கினாள். திருப்பி உள்ளே வைத்துவிட்டு, வெறுங்கையோடு கடுகண்ணாவைக்குப் போய் அந்த வெள்ளைத் தட்டையையும் வாங்கிவந்தேன். அதைக் கிருஷாந்தியின் அறைச் சுவரில் மாட்டி, உருண்டை ஓட்டையையும் ஆள் வைத்து மாற்றினோம். சத்தமில்லை, வெளிச்சமில்லை. எரிகிறதா என்று தெரியாமல் ஆளுக்கொரு தடவை தொட்டுப் பார்த்துக் கையை உதறினோம். அடுத்த நாள் போய்ப் பார்த்தால் தட்டைக்கு முன்னால், கிருஷாந்தியின் கதிரையில், தோசைமாச் சட்டி உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பனிக்கு மா பொங்குவதே இல்லை என்று இராஜேஸ்வரி எத்தனையோ நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பொங்கிக் கதிரையெல்லாம் வழிந்திருந்தது. "என்னங்க, வாங்குனதுலேயே உருப்படியான சாமான் இதுதான்" என்கிறாள். ஆளைத்தான் சூடாக்கும் என்றார்கள், மா எப்படிப் பொங்கியது? அஸ்ஃபரிடம் போனில் கேட்டேன். "ஐயா, நல்லா ஈக்குதுதானே, உட்டுடுங்க" என்றார்.

ஆக, இப்போது எங்கள் வீட்டில் இரண்டு ஹீட்டர்கள் இருக்கின்றன. ஒன்று ரத்தினம்மாவுக்கு, ஒன்று தோசைமாவுக்கு. இருந்தாலும் மொத்தத்தில் வீடு வெதுவெதுப்பாக இருக்கிறது, தங்கள் மகள் மிகச் சௌகரியமாக இருக்கிறாள் என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன். ஆகையால் தாங்கள் இந்த வயதில் இவ்வளவு தூரம் பஸ்ஸில் இடிபட்டு வந்து அவளைக் கூட்டிப்போகவேண்டிய அவசியம் எள்ளளவும் இல்லை. தயவுசெய்து வரவேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

இராஜேஸ்வரி தங்களை மிகவும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். தங்கள் வாசலில் வெயிலும், எங்கள் வாசலில் தங்கள் அன்பும் குறையாதிருக்கப் பிள்ளையாரை வேண்டும்,

தங்கள் சம்பந்தி,
வீ. வீரய்யா

பி.கு: தங்கள் ஒழுங்கையின் பெயர் எனக்கு எப்போதும் பிழைத்துவிடும் என்பதால், விலாசம் எழுதித் தரும்படி இதைக் கிருஷாந்தியிடம் கொடுத்தேன். அவள் விலாசத்தை எழுதாமல் கடிதத்தை வாசித்துவிட்டாள். முதலில் சிரித்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் முகம் மாறிவிட்டது.

"ஐயோ மாமா, வரவேண்டாம் எண்டு ஏன் எழுதினீங்கள்? எனக்கு ஒரு குளிரும் இல்லை. அம்மா செத்தாப்பிறகு அப்பா அந்தப் பெரிய வீட்டில தனிய இருக்கிறார். இரவில பாணும் வாழைப்பழமும்தான் சாப்பாடு. இஞ்ச வந்து எங்களோட நில்லுங்கோ எண்டு எத்தினை தரம் கேட்டிட்டன். மகள் வீட்டில போய் நிக்கிறது எங்கட வழக்கமில்லையாம். என்னைக் கூட்டிக்கொண்டு போக எண்டால்தான் வருவார். வந்தால் நான் திரும்பிப் போக விடமாட்டன்" என்று சொல்லி அழுதாள். இராஜேஸ்வரியும் அழுதாள். நான் கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றுவிட்டு வந்தேன்.

இதைத் தங்களிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஆகவே தாங்கள் இந்தப் பகுதியை வாசிக்கவில்லை. இவ்வளவு எழுதியதைக் கிழிக்க எனக்கு மனம் வராததால், மேலே கண்ட அனைத்தும் இத்தால் ரத்துச் செய்யப்படுகின்றன. வீடு தாங்க முடியாத குளிர். ஹீட்டர் இரண்டும் உதவாது. பிள்ளை நடுங்கிக்கொண்டிருக்கிறாள். பொங்கல் வரைக்கும் காத்திருக்காமல் உடனே புறப்பட்டு வரவும். உடுப்புக் கொஞ்சம் கூடுதலாகவே கொண்டுவரவும்.

மகள் வீட்டில் தங்குகிற வழக்கம் பற்றி: இப்போதுதான் அலுமாரியைத் திறந்து பார்த்தேன். வீட்டு உறுதிப் பத்திரம் இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது, யுகேஷுக்கு எழுதவில்லை. சட்டப்படி இது தங்கள் மகள் வீடே அல்ல, என் வீடு. என் வீட்டில் வந்து இருங்கள், ஐயா.