மலாவி மாஸ்டரின் கோழி

எனக்கு ரத்தக் கொதிப்பு வந்ததற்கு உப்புதான் காரணம் என்கிறார் டாக்டர். அவருக்கு என்ன தெரியும்? சிட்னி செவன் ஹில்ஸில் மலாவி மாஸ்டரோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்து பார்த்தால்தானே தெரியும்!

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஓய்வு பெற்ற கையோடு ஆப்பிரிக்காவுக்குப் போய், மலாவியில் ஒரு குக்கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் சம்பளமில்லாமல் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். உடம்பு மட்டும் சிட்னிக்குத் திரும்பிவிட்டது. அந்த ஊரில் பள்ளிக்கூட மணி என்பது மரத்தில் தொங்கும் பழைய லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையமாம். இங்கேயும் எலுமிச்சை மரத்தில் ஒன்றைத் தொங்கவிட்டு, விடிந்ததும் டங், டங் என்று அடிப்பார். இரவு ஷிப்ட் முடிந்து அப்போதுதான் கண்ணை மூடியிருப்பேன்.

"என்ன தம்பி, நல்லா நித்திரை கொண்டனீரோ?"

"எங்க மாஸ்டர் தூங்க விட்டீங்க?"

"அங்க இதைக் கேக்காமல் ஒருத்தரும் கதை தொடங்க மாட்டினம்."

தினமும் மக்காச்சோளக் களி. அரை வாளித் தண்ணீரில் குளியல். நான் புது சோப்பு வாங்கி வைத்தால் கத்தியால் இரண்டாக அறுத்துவிடுவார். "அங்க பிள்ளையளுக்குப் பென்சிலையே ரெண்டாய் வெட்டித்தான் குடுத்தனான்!" என் சோப்பு என்ன பாவம் செய்தது?

இதெல்லாம் போகட்டும். பிராணிகள் கூடாது என்று ஒப்பந்தத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த வீட்டில், கொல்லையில் ஒரு கோழி வளர்த்தார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம். இந்த வீடு போனால் வேறு கிடைப்பது குதிரைக் கொம்பு. ஏஜென்ட் அம்மா வீட்டைப் பார்வையிட வரும் நாளில் கோழியை ஒளித்து வைக்கச் சொல்லி, காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"ஓம், ஓம்" என்றார்.

அந்த அம்மா வந்து எல்லாம் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிக் கிளம்பினார். அப்போது மாஸ்டர், கால் கட்டிய கோழியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து அவரிடம் நீட்டினார். விருந்தாளி வெறுங்கையோடு போகக் கூடாதாம். கோழி இறக்கையை அடித்துக்கொண்டு கத்தியது. அந்த அம்மா காரை நோக்கி ஓடினார்.

"புத்தி இருக்கா மாஸ்டர்? நடுத்தெருவுல நிக்கப் போறோம்!"

மாஸ்டர் குனிந்து கோழியின் கட்டை அவிழ்த்தார். "நான் அங்கயிருந்து வெளிக்கிடேக்க, என்னட்டப் படிச்ச பெட்டையின்ர தாய் தன்ர ஒரே கோழியைக் கொண்டு வந்து தந்தவ. பிளேனில ஏத்த ஏலாது. வேண்டாம் எண்டு சொல்லவும் ஏலாது. வாங்கி, பக்கத்து வீட்டில விட்டிட்டு வந்தனான். நானும் ஆருக்காவது ஒண்டு குடுக்க வேணும், தம்பி."

மறுநாள் ஏஜென்சியிலிருந்து போன். கோழி போனால் நாங்கள் இருக்கலாம். கோழி இருந்தால் நாங்கள் போக வேண்டும். நான் இத்தனை நாள் கேட்டதும் அதைத்தானே? மாஸ்டர் கோழியைக் கொண்டுபோய் விட ஒரு அட்டைப்பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டார். அடுத்த நாள் காலையில் மணி அடிக்கவில்லை. தூக்கம் வர வேண்டுமா இல்லையா? வரவில்லை. எனக்கு வந்ததே கோபம்! ஏஜென்சிக்குப் போன் போட்டு, "ஒரு கோழிக்கு இடமில்லாத வீட்டில் எங்களுக்கும் இடம் வேண்டாம்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

அலைந்து திரிந்து, ரயில் பாதையை ஒட்டி ஒரு ஓட்டை வீடு பிடித்தோம். வாடகையும் கூட. குடிபோன அன்று நான் வாசலில் நின்று மாஸ்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் கோழியை இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். வேண்டாம் எண்டு சொல்ல ஏலாதே.