முப்பத்தொரு நோட்டுகளும் ஒரு ‘நன்றாக’வும்

“இந்த ‘வேண்டுமென்றே’ யாரோட வார்த்தைங்க?”

மேஜைமேல் விரித்து வைத்த நோட்டில், தந்தை ஒருவரின் ஆள்காட்டி விரல் மூன்றாவது வரியை அழுத்திக்கொண்டு நின்றது. டீச்சர் எட்டிப் பார்த்தாள்.

‘அப்பா மெதுவாகப் பாத்திரம் தேய்த்தார். அம்மா கோபமாகப் பார்த்தார். அப்பா வேண்டுமென்றே தட்டை உடைத்தார்.’

“உங்க பையன் எழுதினதுதான் சார். மூணு வரியிலயும் தப்பே இல்ல.” அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“தப்பு இல்லைங்கறதுதாங்க பிரச்சினையே! கை நழுவிடுச்சுன்னு சொல்லி, நாலு நாளா பாத்திரம் பக்கமே போகாம தப்பிச்சுக்கிட்டிருந்தேன். நேத்து என் பொண்டாட்டி நோட்டைப் பார்த்துட்டா. இப்ப மூணு வேளையும் நான்தான் தேய்க்கிறேன். பிளாஸ்டிக் தட்டா வாங்கிப் போட்டுட்டா, உடைக்கவும் வழியில்ல.”

இரண்டாம் வகுப்புக்கு அந்த மாதப் பாடம் வினையடை. பாடப் புத்தகத்தில் அதற்கு ஒரு விளக்கம் உண்டு. அதை எழுதியவருக்குப் புரிந்திருக்கலாம். டீச்சர் அந்தப் பக்கத்தை ஓசைப்படாமல் தாண்டிவிட்டு, “யார் என்ன செஞ்சாலும் ‘எப்படி?’ன்னு கேளுங்க” என்று சொல்லிக் கொடுத்தாள். நடந்தான். எப்படி? நொண்டி நொண்டி. சிரித்தாள். எப்படி? வாயைப் பொத்திக்கொண்டு. வீட்டில் நடப்பதைப் பார்த்து, தினம் மூன்று வாக்கியம் வீட்டுப்பாடம்.

அதுவரை பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்த முப்பத்தொரு பிள்ளைகள், எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினார்கள். முப்பத்தொரு வீடுகளும் இதற்குத் தயாராக இல்லை.

தந்தை நேரே தலைமை ஆசிரியரின் அறைக்குப் போனார். ஐந்து நிமிடத்தில் அங்கிருந்து டீச்சருக்கு அழைப்பு வந்தது.

பிள்ளைகள் பெரிய சார் என்று அழைக்கும் தலைமை ஆசிரியர், தண்ணீர் கேட்பதானாலும் தொண்டையை மூன்று முறை செருமிவிட்டுத்தான் கேட்பார். அன்றும் செருமினார்.

“வர்ற வியாழக்கிழமை ஆய்வாளர் உங்க வகுப்பைப் பார்க்க வர்றார். ஞாபகம் இருக்கா?”

மறந்தால்தானே. இரண்டு ஆண்டுகளாக அவள் தற்காலிக ஆசிரியை. விடுமுறைக்குப் போன யாரோ திரும்பி வந்தால் கிளம்பவேண்டிய வேலை. ஆய்வாளரின் அறிக்கை நல்லபடியாக இருந்தால் நிரந்தரம். இல்லாவிட்டால், கோடை விடுமுறையோடு ஆளும் விடுமுறை.

“புகார் இல்லாம இருக்கணும்மா. ‘கோபமாக’, ‘வேண்டுமென்றே’ இதெல்லாம் எதுக்கு? நல்ல சொல்லாக் குடுங்க. அன்பாக, பொறுமையாக, மகிழ்ச்சியாக. யார் என்ன சொல்லப்போறாங்க?”

கொடுத்தாள்.

மறுநாள் காலை, பெட்டியும் கையுமாக ஒரு அம்மாள் வகுப்பு வாசலில் வந்து நின்றார். இரட்டைச் சடை போட்ட சிறுமியின் அத்தையாம்.

“எங்க அண்ணன் வீட்டுல பத்து நாள் இருந்துட்டு நேத்துதான் அடுத்த தெருவுல இருக்கற தம்பி வீட்டுக்குப் போனேன். அங்க வந்து இந்தக் குட்டி நோட்டைக் காட்டுது. நீங்களே படிங்க.”

‘அத்தை சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பினார். அம்மா மகிழ்ச்சியாகக் கதவைச் சாத்தினார். அப்பா பொறுமையாக ஒன்று இரண்டு எண்ணிவிட்டுக் கைதட்டினார்.’

“சின்னப் பிள்ளைங்க…” என்று இழுத்தாள் டீச்சர்.

“அதனாலதான் நம்புறேன். இப்ப மறுபடி அண்ணன் வீட்டுக்கே போறேன். ஒரு மாசம் இருக்கறதா முடிவு பண்ணியாச்சு. எப்படிச் சாத்தறாங்கன்னு நானும் பார்க்கிறேன்.”

மதியத்துக்குள் இன்னும் இருவர் வந்தார்கள். ‘மாமா வேலை தேடுவதாகச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்’ என்ற வாக்கியத்தின் மாமாவும், அந்த வாக்கியத்தை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டிய அவர் மாமனாரும். மாமனார் புகார் சொல்ல வரவில்லை. டீச்சருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போக வந்தார். அது இன்னும் மோசம் என்பது மாமாவின் கட்சி.

பெரிய சார் மறுபடி செருமினார். “வீடே வேண்டாம். பள்ளிக்கூடத்துல நடக்கறதை மட்டும் எழுதட்டும். இங்க நாம ஒளிச்சு வைக்கறதுக்கு என்ன இருக்கு?”

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த தெளிவு, மறுநாள் பிற்பகல் வரை நீடித்தது.

முப்பத்தொரு நோட்டுகளையும் தானே பார்ப்பதாக வாங்கிக்கொண்டு போனார். முதல் நோட்டு: ‘பெரிய சார் கம்பீரமாகப் பேசினார்.’ அந்தப் பக்கத்தில் சிவப்பு மையில் பெரிதாக ஒரு சரி போட்டார். அடுத்த வரி: ‘நாங்கள் நின்றுகொண்டே மரியாதையாகத் தூங்கினோம்.’ சரியின் வால் பாதியில் நின்றது. பதினெட்டாவது நோட்டில் இருந்தது இது: ‘பெரிய சார் அறைக்குள் ரகசியமாக மீசைக்கு மை பூசினார்.’

டீச்சரை அழைத்தார்.

“ரகசியமாகன்னு எழுதியிருக்கானே, இது எத்தனை பேருக்குத் தெரியும்?”

டீச்சர் சற்று யோசித்தாள். பொய் சொல்லியிருக்கலாம்.

“முப்பத்தோரு பேருக்கும் தெரியும் சார். அந்த ஜன்னல் விளையாட்டுத் திடல் பக்கம்.”

நோட்டுகள் பீரோவுக்குள் போயின. பூட்டு விழுந்தது. அலுவலக எழுத்தர் அக்காவை உட்காரவைத்து, பெரிய சார் ஒரு சுற்றறிக்கை சொல்லச் சொல்ல, அக்கா தட்டச்சு செய்தார். இரண்டாம் வகுப்பில் மறு உத்தரவு வரும்வரை ஒரே ஒரு வினையடைக்குத்தான் அனுமதி. அது ‘நன்றாக’.

“அதுல எந்த வம்பும் வராது,” என்றார் பெரிய சார். “நாப்பது வருஷமா எல்லார் கல்யாணத்துலயும் நான் அதைத்தான் சொல்றேன்.”

மூன்று நாள் ஒத்திகை நடந்தது. பிள்ளைக்கு ஒரு வாக்கியம். ‘எப்படி?’ என்று கேட்க மட்டும் கூடாது. டீச்சர் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று, எதையும் கேட்காத முகம் ஒன்றைப் பழகிக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்து இறங்கினார். இறங்கியதும், “ஆபீஸ் எந்தப் பக்கம்?” என்றார்.

“ஆபீஸ் எங்க போயிடும் சார்? முதல்ல வகுப்பு!” என்று பெரிய சார் அவர் முழங்கையைப் பிடித்துக் கொண்டுபோய், ஒரு நாற்காலியில் அமர்த்தி, பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டார்.

பிள்ளைகள் வரிசையாக எழுந்தார்கள்.

“பறவை நன்றாகப் பறக்கிறது.”

“மழை நன்றாகப் பெய்கிறது.”

“நாய் நன்றாகக் கடிக்கிறது.”

ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“எங்க பக்கத்து வீட்டுத் தாத்தா நன்றாக இறந்துபோனார்.”

ஆய்வாளர் கடிகாரத்தைவிட்டு நிமிர்ந்தார். “ஏம்மா, உங்களுக்கு எல்லாமே நன்றாகத்தானா? வேற ஒண்ணும் தெரியாதா?”

இரட்டைச் சடை எழுந்து நின்றாள். “நிறையத் தெரியும் சார். எல்லாத்தையும் பெரிய சார் பீரோவுல வச்சுப் பூட்டிட்டார்.”

பெரிய சார் ஒருமுறை செருமினார். மீதி இரண்டும் வரவில்லை.

டீச்சர் ஒரு கணம் சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைப் பார்த்தாள். இரண்டு ஆண்டு. போகிற வேலை, பாடத்தையாவது முடித்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. பழகி வைத்த முகம் கழன்றுவிட்டது.

“பிள்ளைங்களா, சார் உட்கார்ந்திருக்கார். எப்படி?”

அணை உடைந்தது.

“அவசரமாக!”

“சலிப்பாக!”

“நாற்காலி நுனியில்!”

“கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து!”

“பெரிய சாருக்குப் பயந்துகொண்டு!”

“இல்ல டீச்சர், பெரிய சார்தான் இவருக்குப் பயந்துகொண்டு!”

ஆய்வாளர் எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. விறுவிறுவென்று வெளியே நடந்தார். பெரிய சார் துண்டைச் சரிசெய்தபடி பின்னால் ஓடினார்.

“டீச்சர்,” என்று முதல் வரிசை கிசுகிசுத்தது, “எப்படி ஓடறார்னு சொல்லட்டுமா?”

“வேண்டாம்டா கண்ணு. எனக்கே தெரியுது.”

கால் மணி நேரத்தில் பெரிய சார் மட்டும் திரும்பி வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

“ஆபீஸுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார். என்னையே உள்ள விடலை. வெளிய வந்தார், வண்டியில ஏறினார், போயிட்டார். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல என்னைப் பார்த்து ஒரு ‘வரேன்’கூடச் சொல்லாமப் போன முதல் ஆய்வாளர் இவர்தான். உங்க நிரந்தரத்தை நீங்களே கேட்டு வாங்கிக் கெடுத்துக்கிட்டீங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

“தெரியும் சார்.”

தெரிந்துதான் இருந்தது. மணி அடித்ததும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு மேஜை இழுப்பறையைக் காலி செய்தாள். சாக்பீஸ் டப்பா, குடை, தண்ணீர் பாட்டில், யாரோ வரைந்து கொடுத்த மூன்று கால் குதிரை. இரண்டு ஆண்டு வேலை ஒரு துணிப்பைக்குள் அடங்கியதோடு, மேலே கொஞ்சம் இடமும் மீந்தது. வகுப்பறைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று அலுவலகத்துக்குப் போனாள்.

எழுத்தர் அக்கா கோப்புகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார்.

“சாவியை வச்சுக்கோங்க அக்கா. நாளைக்கு யார் வருவாங்களோ.”

“ஏன், நாளைக்கு லீவா?”

“விளையாடாதீங்க அக்கா. அந்த ரிப்போர்ட்டுல என்னைப் பத்தி என்ன எழுதினார்? சும்மா சொல்லுங்க, நான் அழமாட்டேன்.”

அக்கா முடிச்சைப் பல்லால் இறுக்கிக்கொண்டே சொன்னார்:

“அது போன வாரமே தபால்ல வந்துடுச்சும்மா, ‘நேரில் பார்த்தேன், மிகச் சிறப்பாகப் பாடம் நடத்தினார், நிரந்தரமாக்கலாம்’னு, கையெழுத்துப் போட மறந்துட்டாராம், அதைப் போட்டுட்டுப் போகத்தான் மனுஷன் இன்னிக்கு வந்தார்.”