நேரடி ஈனல் முறை

1956-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பல வருஷங்களாகப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்து வந்த நாங்கள் நாற்பத்திரண்டு பேர், விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கத் தெரியாதவர்கள் என்று அரசாங்கம் கண்டுபிடித்தது. பயிற்சி பெறாத ஆசிரியர்கள் உடனே பயிற்சி பெற்று முறையான விஞ்ஞான ஆசிரியர்களாக ஆகவேண்டும். ஆகாதவர்கள் ஆசிரியர்களாகவே இருக்கவேண்டாம் என்று உத்தரவு வந்தது. மூட்டை கட்டிக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு வெளியே, பாறை மலையின் அடியில் இருந்த பயிற்சிப் பள்ளியில் போய்ச் சேர்ந்தோம்.

எங்களில் சென்னம்மாள் என்பவர் சாமல்பட்டிப் பக்கத்து ஓராசிரியர் பள்ளியிலிருந்து வந்தவர். மாடும் நிலமும் உள்ள குடும்பம். அவர் இங்கே கற்பிக்கக் கற்றுக்கொண்டிருந்ததால் அங்கே கற்பிக்க ஆளில்லாமல் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. கல்வித் தரம் உயரும்போது இப்படிச் சில பள்ளிகளை மூடத்தான் வேண்டும் என்றார் எங்கள் போதனாமுறை ஆசிரியர் நாராயணப்பன். அவர் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தியதே கிடையாது. அதனால் போதனாமுறையில் அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

மார்ச் மாதம் சோதனைப் பாடம். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பாடம், பாடக்குறிப்பில் எழுதிய ஐந்து படிகளின்படி நடத்திக் காட்டவேண்டும். சேலத்திலிருந்து அதிகாரி வந்து மார்க் போடுவார். சென்னம்மாளுக்குக் கிடைத்த பாடம் பசு.

“ஐயா, நம்ம பியூன் எல்லப்பனோட பசு பின்னாடி கொட்டாயிலதான் நிக்குதுங்க. பிள்ளைங்கள அங்க கூட்டிட்டுப் போய் நடத்தட்டுங்களா?” என்று கேட்டார்.

நாராயணப்பன் திடுக்கிட்டார். “ஏம்மா, பசுவைக் காட்டியா பசுப் பாடம் நடத்துவீங்க? துணைக்கருவின்னா இருப்புப் பதிவேட்டில் எண் இருக்கணும். அந்தப் பசுவுக்கு எண் இருக்கா?”

“செவலைன்னு பேர் இருக்குதுங்க.”

“பேர் செல்லாது.”

“அப்ப ஒரு எண் போட்டுக்கலாங்களே?”

நாராயணப்பன் நியாயமான மனிதர். யோசித்துத்தான் பதில் சொன்னார். “எண் போட்டா அது சர்க்கார் சொத்து. நாளைக்கு அது கன்னு போட்டா இருப்பில் ஒண்ணு கூடுதலா நிக்கும். இது எங்கேயிருந்து வந்ததுன்னு மேலே கேப்பாங்க. நான் என்ன பதில் எழுதறது?”

“கன்னு எங்கிருந்து வரும்னு மேல இருக்கிறவங்களுக்குத் தெரியாதுங்களா?”

“தெரியும். எழுத்து மூலமாத் தெரியாது.”

சென்னம்மாள் பத்து நாள் உட்கார்ந்து அட்டையில் ஒரு பசு செய்தார். கொம்பு, குளம்பு, மடி எல்லாம் இருந்தன. வயிற்றில் இருப்பு எண் 117 என்று எழுதியாயிற்று. அப்போதுதான் அது பசு ஆனது.

சோதனை நாளன்று கோட்டு அணிந்த அதிகாரி கடைசி பெஞ்சில் அமர்ந்தார். சென்னம்மாள் ஆயத்தக் கேள்விகளை முடித்து இரண்டாம் படிக்கு வந்தபோது ஜன்னலில் எல்லப்பன் தலை தெரிந்தது.

“அம்மா, கன்னு மாட்டிக்கிச்சு. ஒரு கால்தான் வெளிய வருது. காலையிலருந்து முக்குது. செவல செத்துடும்போல இருக்குதுங்க.”

வகுப்பு அதிகாரியைப் பார்த்தது. அதிகாரி பாடக்குறிப்பைப் பார்த்தார். “எந்தப் படியில் இருக்கிறீர்கள்?”

“ரெண்டாவதுங்க.”

“அப்படியானால் மூன்றாவதுக்குப் போங்கள்.”

சென்னம்மாள் அட்டைப் பசுவை ஒரு முறை பார்த்தார். சாக்பீஸை மேஜைமேல் வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஒரு பையன் “தூட வஸ்துந்தி!” என்று தெலுங்கில் கத்தினான். கன்று வருகிறது என்றால் எந்தப் பாஷையில் சொன்னாலும் புரியும். வகுப்பே ஓடியது. பரீட்சை நடக்கும் இடத்தில் அதிகாரி இருக்கவேண்டும் என்பது விதி. அவரும் ஓடினார்.

கொட்டாயில் சென்னம்மாள் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, முழங்கை வரை கடலையெண்ணெய் தடவிக்கொண்டார். “ஒரு முன்னங்கால் உள்ள மடங்கி நிக்குது” என்றார். பசு முக்காத நேரம் பார்த்துக் கன்றைப் பின்னால் தள்ளி, மடங்கிய காலை மெல்ல நீட்டி எடுத்தார். கால்களில் கயிறு கட்டி, பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்தார். நின்றவர் அதிகாரி.

“இதப் புடிங்க ஐயா. அது முக்கறப்ப மட்டும் இழுங்க. மத்த நேரம் சும்மா நில்லுங்க.”

இருபது வருஷமாக அவரை யாரும் எதையும் பிடிக்கச் சொன்னதில்லை. பிடித்தார். சொன்னபோது இழுத்தார். கன்று வந்து வைக்கோலில் விழுந்தது. அசைவில்லை. சென்னம்மாள் மூக்கையும் வாயையும் துடைத்து, ஒரு வைக்கோல் துரும்பை மூக்கில் விட்டார். கன்று தும்மியது. அதன்பிறகுதான் பிள்ளைகளும் மூச்சு விட்டார்கள்.

“இத்தன நாளு இது எப்படிக்கா மூச்சு விட்டுச்சு?” என்றாள் வெள்ளையம்மா என்ற சிறுமி.

“உள்ள காத்து இருந்திருக்குமா?” என்று சென்னம்மாள் திருப்பிக் கேட்டார்.

“இருக்காது.” அவள் கன்றின் வயிற்றில் தொங்கிய தொப்புள்கொடியைப் பார்த்தாள். “அம்மா விட்ட மூச்சு இது வழியா வந்துச்சா?”

“மூச்சு வரல கண்ணு. மூச்சுல இருக்கிற நல்லது அம்மா ரத்தத்துக்கு வந்து, அங்கிருந்து இதுக்கு வந்துச்சு. இனிமே இதுவே எடுத்துக்கணும். அதான் தும்முச்சு.”

ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வி கேட்டது. அரைமணி நேரம் யாரும் நகரவில்லை. “நான் இதைப் பார்த்ததே இல்லை” என்று அதிகாரி மெதுவாகச் சொன்னார். கண்கூடக் கலங்கியிருந்தது. பிறகு கையைக் கழுவினார்; கோட்டைத் துடைத்தார்; அதிகாரியானார்; எழுதினார்:

‘பாடக்குறிப்பிலிருந்து விலகல். கரும்பலகைச் சுருக்கம் இல்லை. ஆசிரியை கேட்கவேண்டிய கேள்விகளை மாணவர்களே கேட்டுவிட்டனர். துணைக்கருவி எண் 117 பயன்படுத்தப்படவில்லை. பதிவேட்டில் இல்லாத உயிர் ஒன்று பரீட்சை நேரத்தில் உண்டாயிற்று. மேலிடத்து முடிவு வரும்வரை அனைவருக்கும் பரீட்சை ஒத்திவைக்கப்படுகிறது.’

“ஒரு மாட்டுக்காக எங்க எல்லார் பொழப்பையும் கெடுத்துட்டீங்களேம்மா!” என்று மற்றவர்கள் சார்பில் நான் சத்தம் போட்டேன்.

“செத்துப்போயிருக்குமே, கங்கப்பண்ணா” என்றார் அவர்.

அது சரிதான். ஆகவே இன்னும் சத்தமாகப் பேசினேன்.

ஆறு மாதம் காத்திருந்தோம். இதற்கிடையில் அதிகாரி சென்னையில் ஒரு கல்வி மாநாட்டுக்குப் போய், தம் அனுபவத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாராம். செப்டம்பரில் சுற்றறிக்கை வந்தது.

‘விஞ்ஞானத்தை ஏட்டில் அன்றி நேரில் கற்பிக்கும் பொருட்டு, ஒவ்வொரு பயிற்சி ஆசிரியரும் சோதனைப் பாடத்தின்போது பசு ஒன்றின் ஈனலை மாணவர் முன்னிலையில் நடத்திக் காட்டவேண்டும். கால அளவு பத்து நிமிடம். நேரடி ஈனல் முறை என்னும் இம்முறை, பரீட்சை அதிகாரி அவர்கள் தாமே கண்டறிந்தது.’

நாற்பத்திரண்டு பேர், இரண்டு நாள் பரீட்சை, பாடத்துக்கு ஒரு பசு. நாராயணப்பன் எல்லப்பனைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். “எந்தத் தேதிக்குக் கன்னு போடும்?” என்று கேட்டார். “மாட்டத்தான் கேக்கணும் சார்” என்றார்கள். மாடுகள் துறைக்கு ஒத்துழைக்கவில்லை.

ஆனால் சுற்றறிக்கையில் பசு என்றுதான் இருந்தது. உயிருள்ள பசு என்று இல்லை. எண் 117-இன் பின்பக்கத்தைச் சதுரமாக வெட்டினார்கள். ஆளுக்கு ஓர் அட்டைக் கன்று செய்து, உள்ளே வைத்து, நூல் கட்டி இழுக்கவேண்டும். கன்றுகளுக்கு 117/1 முதல் 117/42 வரை முன்கூட்டியே எண் கொடுக்கப்பட்டது. கன்று வந்ததும் ஒன்று, இரண்டு என்று எண்ணும் நேரம் வியந்து, பிறகு கைதட்டும்படி பிள்ளைகளைப் பழக்கினார்கள். “இது ஏன் ஈரமாவே இல்ல?” என்று கேட்ட வெள்ளையம்மாவைக் கடைசி வரிசைக்கு மாற்றினார்கள்.

பயிற்சி பெற்ற ஆசிரியர் அக்டோபருக்குள் வராவிட்டால் பள்ளியை எடுத்துவிடுவார்கள் என்று சென்னம்மாளுக்கு ஊரிலிருந்து கடிதம் வந்திருந்தது. அவர் யாரோடும் வாதாடவில்லை. இரண்டு நாளில் கன்றை ஒட்டி முடித்தார்.

சோதனையன்று ஒரு குறை சொல்ல முடியாது. ஐந்து படியும் ஒழுங்காக ஏறினார். ஒன்பதரை நிமிடத்தில் கன்று வந்தது. பிள்ளைகள் வியந்தார்கள், தட்டினார்கள். அதிகாரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவருக்குச் சென்னம்மாளை நினைவில்லை; அல்லது நினைவு வைத்துக்கொள்ள விரும்பவில்லை.

“கையை மிகவும் பக்குவமாக வைக்கிறீர்கள் அம்மா. இதற்கு முன் உண்மையான ஈனல் எதையாவது பார்த்திருக்கிறீர்களா?”

ஜன்னலில் எல்லப்பன் நின்றான். வெள்ளையம்மா வாயைத் திறந்தாள். நாராயணப்பன் அவளைப் பார்த்தார், அவள் மூடிக்கொண்டாள்.

“இல்லைங்க ஐயா” என்றார் சென்னம்மாள். “எல்லாம் உங்க சுற்றறிக்கையப் படிச்சுக் கத்துக்கிட்டதுதாங்க.”

“பார்த்தீர்களா! முறை வேலை செய்கிறது” என்று அதிகாரி முதல் வகுப்பு போட்டார்.

நாங்கள் நாற்பத்தொரு பேரும் கைதட்டினோம். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவன் நான். அடுத்தது என் முறை. என் கன்றுக்கு இன்னும் பசை காயவில்லை.