மக்மா அங்கிளும் கார் பார்க்கில் பொங்கிய குழம்பும்

கொழும்பு வெள்ளவத்தையில் நிலத்துக்கு மேலே நடக்கும் எதுவும் தெரியாத ஒரே மனிதர் மக்மா அங்கிள்தான். ஜனாதிபதி யாரென்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். நிலத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்று கேட்டால் பின்னேரம் வரை சொல்வார்.

கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பனியில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்று, எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் தனியே இருந்தார். பூமியின் உட்புறம் அவருக்கு ஏன் இவ்வளவு பிடித்துப்போனது என்று கேட்க எல்லோருக்கும் பயம். கேட்டால் சொல்லிவிடுவார்.

ஒருநாள் சாப்பாட்டுக் கடையில் நான் அவரிடம் அகப்பட்டேன். என் முட்டை ரோல்ஸை இரண்டாக வெட்டினார். வெளியே மொறுமொறுப்பாக இருப்பது புவியோடு, அடுத்த மாவு மூடகம், சூடான உருளைக்கிழங்கு உருகிய இரும்பாலான வெளிக்கரு, முட்டைத் துண்டு உட்கரு.

“மூடகம் முழுக்கக் குழம்பெண்டு எல்லாரும் நினைக்கினம். இல்லைத் தம்பி, அது பாறை. அங்கங்கதான் உருகும். உருகினா மக்மா, வெளிய வந்தா லாவா.”

விளக்கம் முடிந்தபோது பூமியை அவரே சாப்பிட்டு முடித்திருந்தார். என் தலையில் தங்கியது ஒன்றுதான்: கீழே நெருப்பு இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை காலை, கார் கழுவ வாளியோடு கீழே இறங்கினேன். பக்கத்துக் காணியில் புதிய தொடர்மாடிக்காக ராட்சத மெஷினால் நிலத்தைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கார் பார்க் தரை வெடித்திருந்தது. வெடிப்புக்குள்ளிருந்து மண்ணிறக் குழம்பு குமிழிவிட்டுப் பொங்கியது. மதிலுக்கு அப்பால் புகை. வர்த்தகப் பட்டதாரியான நான் லாவா, லாவா என்று கத்தியபடி, வாளியும் கையுமாகப் பெருந்தெருவான காலி வீதி வரை ஓடினேன். மனைவி மேலே இருக்கிறாள் என்பது அங்கே போன பிறகுதான் நினைவு வந்தது. போன் எடுத்தேன். அடுப்பில் மீன் கிடக்கிறது, நிற்பாட்டிவிட்டு வருகிறேன் என்றாள்.

வெட்கத்தோடு திரும்பினால், மனைவி உட்பட எல்லோரும் வாசல் கேற்றடியில் நின்றார்கள். மக்மா அங்கிள் குந்தியிருந்து குழம்புக்குள் விரலை விட்டிருந்தார்.

“தம்பி, இது குளிருது. லாவா எண்டா இந்த விரல் மிஞ்சியிராது.”

மெஷின் தள்ளிய சேறாம், புகையும் அதனுடையதாம். கூட்டம் என்னையும் என் வாளியையும் பார்த்துச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சேறு வருகிறதென்றால் அடியில் மண் விலகுகிறது, ஒருவரும் உள்ளே போகவேண்டாம் என்றார். பிறகு மேலே பார்த்தார். நாலாம் மாடியில் முழங்கால் வருத்தத்தோடு பிலோமினா அன்ரி தனியே இருந்தார். கரண்ட் போய் லிஃப்ட் நின்றிருந்தது. யார் போவது என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவரும் போகவேண்டாம் என்ற மனிதரே படியேறிப் போய்விட்டார்.

அவர் மேலே இருந்தபோதுதான் தரையின் ஒரு மூலை தொம்மென்று தாழ்ந்தது. என் காரின் முன்சக்கரம் அதற்குள் இறங்கியது. படிக்கட்டில் அவருடைய குரல் மட்டும் கேட்டது. காது சரியாகக் கேட்காத அன்ரிக்கு மூடகத்தை விளக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு வந்தார். வெளியே வந்தபோது உட்கரு வரை போயிருந்தார்.

பக்கத்துக் காணியில் வேலையை நிறுத்தினார்கள். எங்கள் தரையை நிரப்பிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்து, பயமாக இருக்கவில்லையா என்று அவரிடம் கேட்டேன்.

“பயந்தனான் தம்பி. அதுதான் வாய் மூடாமல் கதைச்சுக்கொண்டு வந்தனான்.”

இப்போது நுகேகொடையில் மகளோடு இருக்கிறார். போன ஞாயிறு மத்தியானம் போன் எடுத்து வெளிக்கருவைப் பற்றித் தொடங்கினார். மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். கொஞ்சம் பொறு, அங்கிள் கதைக்கிறார் என்றேன்.