ஆளுக்கொரு ஸ்பீக்கர் பெட்டி

கிட்ட வந்து உக்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. உரக்கச் சொல்ற கதை இல்ல இது. அந்த அத்தை வூட்டு ஆளுங்க இந்தப் பக்கம் போய்க்கினு வந்துகினுதான் கீறாங்க.

அன்னிக்கு எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. பாட்டு போடணும்.

எங்க அக்கா பொண்ணு செல்விக்கு நிச்சயதார்த்தம். பட்டினப்பாக்கத்துல அவங்க வூட்டு வாசல்ல பந்தல். மச்சான், அதான் செல்வியோட அப்பா, கப்பல்ல சமையல்காரர். சிங்கப்பூர்லேர்ந்து ஸ்டீரியோ செட்டு கொண்டாந்திருந்தார். ஒரு ரிக்கார்டு பிளேயர், ரெண்டு ஸ்பீக்கர் பெட்டி.

"ரெண்டு பெட்டி எதுக்கு மச்சான்?"

"உனக்கு ரெண்டு காது எதுக்கு? இப்பல்லாம் வெளிநாட்டுல நாலு பெட்டி வெச்சு, நாலு மூலையிலேர்ந்தும் பாட்டு கேக்குறான் தெரியுமா?"

"நம்ம வூட்டுக்கு மூணு செவுருதான் மச்சான். நாலாவது பக்கத்து வூட்டுக்காரனோடது."

மொறச்சிட்டு வாழையிலை வாங்கப் போய்ட்டார்.

நான் யோசிச்சேன். நான் யோசிச்சாலே வம்புதான்.

தட்டு மாத்துற வரைக்கும் பையன் வூட்டுக்காரங்க பந்தல்ல, நம்ம ஆளுங்க பின்கட்டுல. அங்க ஒரு சோடா ஒடைச்சா இங்கியும் ஒண்ணு ஒடைக்கணும். கூடக்கொறைய போச்சுன்னா அங்கியே சண்டை. சரி, பெட்டி ரெண்டு, சம்பந்தி ரெண்டு. ஆளுக்கொண்ணு! பந்தல்ல ஒண்ணு, பின்கட்டுல ஒண்ணுன்னு ஒயர இழுத்து வெச்சேன். என் புத்திய நானே மெச்சிக்கினேன்.

பையனுக்கு அம்மா இல்ல. வளத்தது அத்தை. காசிமேட்டு அத்தைன்னா ஊரே நடுங்கும். அவங்க தட்ட வாங்கினாத்தான் கல்யாணம். செல்விக்கோ அந்தப் பையன் மேல உசுரு.

எல்லாரும் வந்து உக்காந்தாங்க. கல்யாணப் பாட்டு ரிக்கார்டப் போட்டேன்.

பந்தல்ல டம்... டம்... டம்டம். மேளம் மட்டும்!

ஸ்டீரியோன்னா கொரல ஒரு பெட்டியிலயும், மேளத்த ஒரு பெட்டியிலயும் பிரிச்சு வுட்டிருப்பான்னு எனக்கு யாரு சொன்னா?

"இன்னாப்பா, தெருவுல சாவு எதுனா கீதா?"ன்னாங்க அத்தை.

"ஐயோ, கல்யாணப் பாட்டும்மா!"

"பாட்டு எங்க கீது?"

பாட்டு பின்கட்டுல கீது! ஓடிப்போய் ரெண்டு பெட்டியையும் மாத்தி வெச்சேன். இப்ப பந்தல்ல ஒரு பொம்பள கொரல் மட்டும் தனியா இழுக்குது. மேளம் சேந்தாத்தான் அது கல்யாணப் பாட்டு. சேரலன்னா அசல் ஒப்பாரி.

"மொதல்ல மேளம், அப்புறம் ஒப்பாரி. பொணத்த எங்கப்பா வெச்சிருக்கீங்க?"

சத்தம் பத்தலையோன்னு கூட்டி வெச்சேன். இன்னா சொல்ல! பக்கத்துத் தெருவுலேர்ந்து ரெண்டு பேர் துண்ட இடுப்புல கட்டிக்கினு வந்து, "எப்ப எடுக்குறீங்க?"ன்னு கேட்டாங்க.

அத்தை எழுந்துட்டாங்க. "கெளம்புங்கடா எல்லாரும். சகுனமே சரியில்ல."

பையன் மூஞ்சி சுண்டிப்போச்சு. அக்கா தட்ட கையில வெச்சுக்கினு என்ன எரிக்கிற மாதிரி பாத்தா. அத்தை ஒரு செருப்ப மாட்டிட்டாங்க. இன்னொண்ண காலால தேடுறாங்க.

அப்ப உள்ளேர்ந்து செல்வி வந்தா. பட்டுப்பொடவை, தலை நெறைய பூ, இடுப்புல கொடம் மாதிரி பின்கட்டு ஸ்பீக்கர்! ஒயர் வால் மாதிரி பின்னாடியே வருது.

"மாமா, அந்தப் பெட்டிய அந்தக் கோடிக்குத் தள்ளு"ன்னா. தன் பெட்டிய இந்தக் கோடியில வெச்சா. நட்டநடுவுல ஒரு நாற்காலியப் போட்டா.

"அத்தை, போறதுதான் போறீங்க. ஒரு பாட்டு முழுசா கேட்டுட்டுப் போங்க."

மொறச்சிக்கினே உக்காந்தாங்க. நான் முள்ள மறுபடி மொதல்லேர்ந்து வெச்சேன்.

இந்தப் பக்கம் மேளம். அந்தப் பக்கம் கொரல். ரெண்டும் அத்தை தலைக்குள்ள போய்ச் சேந்துச்சு பாருங்க! இங்க திரும்புனாங்க, அங்க திரும்புனாங்க. "ஏய், மேளக்காரன் இங்கதான் பக்கத்துல கீறான்!"னு கையத் துழாவுனாங்க. அப்புறம் கண்ண மூடிக்கினு தொடையில தாளம்.

பாட்டு முடிஞ்சுது. கண்ணத் தொறக்காமலே, "இன்னொரு தபா போடுப்பா."

போட்டேன்.

செல்வி மெதுவா அக்கா கையிலேர்ந்து தட்ட வாங்குனா. பழம், பூ, தேங்கா எல்லாத்தோடவும் அத்தை மடியில வெச்சா. தேங்கா உருளவும், அத்தை மூடுன கண்ணோட ரெண்டு கையாலயும் தட்டக் கெட்டியாப் புடிச்சிக்கினாங்க.

செல்வி பந்தலப் பாத்து சொன்னா: "அத்தை தட்ட வாங்கிட்டாங்க. எல்லாரும் பாத்துக்கோங்க."