நைரோபிக்கு நாலு நாள்

"நைரோபிக்கு இந்த மெல்லிசுத் துணியெல்லாம் எடுத்துட்டுப் போனா எப்படி?" என்று மனைவியிடம் கேட்ட பிறகுதான், அவளுடைய அந்தப் பயணத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று செய்திருந்த சபதம் தீயணைப்பு அதிகாரிக்கு நினைவுக்கு வந்தது.

பெரிய கட்டிடங்களுக்குள் போய் அவசர வழி எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே என்று பார்த்துக் குறை சொல்வது அவர் வேலை. வீட்டிலும் அதே வேலைதான். வேலைக்காக நைரோபி போன மகள், அங்கேயே ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அதற்கப்புறம்தான் போனில் சொன்னாள். அன்றோடு பேச்சை நிறுத்தினார். மனைவி மகளோடு வீடியோவில் பேசும்போது, கேமராவில் படாத நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "இளைச்சுட்டாளான்னு கேளு" என்பார்.

"அப்பா கேக்கறார்" என்பாள் மனைவி.

"நான் ஒண்ணும் கேக்கலை" என்பார்.

இப்போது பேரன் நடக்கவே ஆரம்பித்துவிட்டான். இவர் அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. நாலு நாள் போய் வர டிக்கெட் போட்டாயிற்று என்று மனைவி சொன்ன அன்று, செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டதோடு சரி.

"ஆப்பிரிக்கான்னா வெயில்தானே?" என்றாள் மனைவி, பெட்டியிலிருந்து நிமிராமல்.

"யார் சொன்னது? அது மேட்டு நிலத்துல இருக்கிற ஊர். சாயந்திரமானா குளிரும்."

உடனே ஸ்வெட்டர் வாங்கப் போனார்கள். மனைவி எடுத்தது அவர் தோளுக்குக் கச்சிதமாக இருந்தது.

"உனக்கு இது கூடாரம் மாதிரி இருக்கும்."

"எனக்கு லூசா இருந்தாத்தான் சௌகரியம்."

ஸ்வெட்டர் வந்ததும் பெட்டி மூடவில்லை. பெரிய பெட்டி வாங்கினார். பெரிய பெட்டியை மனைவியால் தூக்க முடியவில்லை. அவள் அதைப் பிடித்து இழுத்து, மூச்சு வாங்கி, கட்டிலில் உட்கார்ந்தாள். அவர் ஒரே தூக்காகத் தூக்கிக் காட்டினார்.

"நீங்க தூக்கிடுவீங்க. அங்க எனக்கு யார் தூக்குவா?"

பேச்சை மாற்றுவதற்காக மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பற்றிச் சொன்னார். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

மருத்துவமனை வாசலில் மனைவி நின்றுவிட்டாள். "எனக்குப் பயமா இருக்கு. முதல்ல நீங்க போட்டுக்குங்க."

"போகாதவனுக்கு எதுக்கு ஊசி?"

"அப்ப நானும் போகலை."

அவர் அவசரமாகச் சட்டைக் கையைச் சுருட்டினார். அவருக்குப் போட்டு முடித்ததும், மனைவி தலை சுற்றுகிறது என்று நாற்காலியில் சாய்ந்தாள். இன்னொரு நாள் போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். வீடு திரும்பியதும் அவருக்குக் காய்ச்சல் வந்தது.

போர்வைக்குள் படுத்தபடியே பயணத் திட்டம் போட்டார். எதை எதைப் பார்ப்பது என்று மனைவிக்குத் தெரியாதாம். "நீங்களே போறதா நினைச்சுச் சொல்லுங்களேன்" என்றாள்.

"ஊரை ஒட்டியே தேசியப் பூங்கா இருக்கு. அங்க ஒட்டகச்சிவிங்கி பார்க்கலாம்."

"யார் கூட்டிட்டுப் போவா?"

"அவன்தான்."

"எவன்?"

போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். "மாப்பிள்ளை."

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் தடவை. மனைவி தண்ணீர் எடுத்து வரப் போனாள். போனவள் திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது.

மறுநாள் அவள் ஊசிக்கும் கிளம்பவில்லை, பெட்டிப் பக்கமும் போகவில்லை. "யோசிச்சுப் பார்த்தேன். பெட்டியும் தூக்க முடியாது, ஊசியும் போட்டுக்க முடியாது. வரலைன்னு சொல்லிடட்டுமா?"

அவர் வேகமாகச் சட்டையை மாட்டினார். அலுவலகம் என்றார். ஆனால் கால்கள் மனைவி டிக்கெட் போட்ட கடைக்குத்தான் போயின. மகளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவள் குரல் தன்னை நேராக 'அப்பா' என்று கூப்பிட வேண்டும் போலிருந்தது. இதை யாரிடம் சொல்வது? மனைவி போகாவிட்டால், மகளை நேரில் பார்த்து வந்து ஓரத்து நாற்காலிக்குச் சொல்லக்கூட ஆள் இருக்காது.

கடையில் இருந்த பெண் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினாள். அவர் மனைவியின் பெயரையும் தேதியையும் சொன்னார்.

"அவ பக்கத்துல இன்னொரு சீட்டு வேணும்மா. துணைக்குத்தான். மத்தபடி எனக்கு அங்க ஒரு வேலையும் இல்ல."

"துணைக்குன்னா?"

அவர் மேஜை ஓரத்தைத் தடவினார். வீட்டில் ஓரத்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வீம்புக்கு, அந்தச் சின்னக் கடையில் ஒரு முக்காலி போடக்கூட இடமில்லை. "இல்லம்மா. என் பொண்ண நான் பாக்கணும்."

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"அம்மா பேர்ல டிக்கெட்டே போடலை சார், போட்டது உங்க பேர்ல ஒண்ணுதான், நீங்களா வந்து கேக்குற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னாங்க."