தோற்றுக் கொடுத்த கேப்டன்

மேடையில் பேசக் கூப்பிடுகிறவர்கள் எனக்கு ஒரே தலைப்பைத்தான் தருகிறார்கள்: 'மாற்றுத்திறனாளி விளையாட்டில் தலைமைப் பண்பு'. நானும் போய் ஏதோ பேசிவிட்டு, போர்த்திய சால்வையை மடித்து எடுத்துக்கொண்டு வருகிறேன். நான் தலைமை தாங்கிய லட்சணத்தை அங்கே சொன்னதில்லை. சொன்னால் சால்வையைத் திருப்பிக் கேட்பார்கள்.

எனக்கு வலது கால் போலியோவில் சூம்பிப் போனது. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிற வீடு. உட்கார்ந்து ஆடும் வாலிபாலில் ஏழு பெண்கள் கொண்ட ஓர் அணிக்கு நான் கேப்டனாக இருந்தேன். வலை தாழ்வாக இருக்கும். தரையில் உட்கார்ந்தபடியே கையை ஊன்றி நகர வேண்டும். பந்தைத் தொடும்போது பின்புறம் தரையை விட்டு எழும்பக் கூடாது. இதற்கு வழவழப்பான தரை வேண்டும். எங்களுக்கு இருந்தது கடற்கரை மணல்.

அந்த மணலில் அதிகம் சீரழிந்தது செல்வி. சைதாப்பேட்டைக்காரி. எங்களில் அவள் அளவுக்கு ஆட யாராலும் முடியாது. இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. தேய்ந்து தேய்ந்து அந்த முனை புண்ணாகிவிட்டது. இனி மணலில் ஆடினால் மாநில அணிக்கான தேர்வை மறந்துவிடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது.

அப்போதுதான் அடையாறில் ஒரு கிளப் எங்களைக் கூப்பிட்டது. மரத்தரை போட்ட உள்ளரங்கம். காலை நேரத்தில் சும்மா பூட்டிக் கிடக்கும். கிளப் ஆட்களோடு ஒரு நட்பு ஆட்டம் ஆடுங்கள், அரங்கம் தருவதைப் பற்றி அன்றைக்கே தலைவர் சொல்வார் என்றார்கள்.

வாசலில் ஒன்பது படி. சாய்தளம் கிடையாது. வாட்ச்மேனும் இன்னொருவரும் என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். (காலைத் தாங்கும் இரும்புக் கேலிப்பர் மாட்டியிருந்தேன், படி ஏற எனக்குத் தெரியும். கேட்டால்தானே.)

உள்ளே போனதும் கிளப் செயலாளர், மயிலாப்பூர் மாமி ஒருவர், என்னை ஓரமாக அழைத்தார்.

"இதோ பாரும்மா, எங்க மெம்பர்ஸ் எல்லாம் வயசானவா. பிரசிடெண்ட் இதுக்குன்னே புது ட்ராக் சூட் வாங்கிண்டு வந்திருக்கார். கொஞ்சம் பாத்து ஆடுங்கோ. அவர் மனசு குளுந்தா ஹால் ஒங்களுக்குத்தான்."

உருப்படியான கேப்டன் அந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பாள் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். அன்று நான் பெரிய ராஜதந்திரி. அணியைக் கூட்டி, "இன்னிக்கு தோத்துக் குடுக்கறோம்" என்றேன்.

"இன்னாக்கா சொல்ற?" என்றாள் செல்வி.

"ஹால் வேணுமா வாணாமா? உன் கால நெனச்சிதான் சொல்றேன்."

"என் காலுக்கோசரம் தோக்கச் சொல்லி நான் கேட்டனா?"

"நான் கேப்டன்" என்றேன். அந்த வார்த்தையை அதற்கு முன் நான் சொன்னதில்லை. பிறகு சொல்ல வாய்ப்பும் வரவில்லை.

இதில் என் அம்மா வேறு. பொண்ணு ஜெயிக்கப் போவதைப் பார்க்க மீன்கூடையை மூடிவைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தாள். அவளிடம் விஷயத்தைச் சொல்ல நேரமில்லை, ராத்திரி வீட்டுக்குப் போய்த்தான் சொன்னேன்.

கிளப்காரர்கள் ஆறு பேரும் மூட்டை இறக்கி வைத்தது போல உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. இவர்களிடம் தோற்பது எவ்வளவு கஷ்டம் என்று ஆடிப் பார்த்தால்தான் தெரியும். அவர்கள் போட்ட சர்வீஸில் பாதி வலையையே தாண்டவில்லை. நாங்கள் எங்கள் சர்வீஸை வலையில் அடித்து, வெளியே அடித்து, வேர்த்து விறுவிறுத்துப் புள்ளிகளை அவர்களுக்குச் சேர்த்தோம்.

"அடியே பிலோ, இன்னாடி ஆடற?" அம்மாவின் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது. "பந்து மடியில வந்து வுழுது, பாத்துக்கினு கீற?"

"உன் பொண்ணு தூங்கிக்கினு கீறாளாக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

பதினைந்து புள்ளி ஆட்டம். அவர்கள் பதினான்கு, நாங்கள் பதினொன்று. கடைசிப் பந்து செல்விக்கு நேராக உயர்ந்து வந்தது. தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் அவள் அடிக்கிற பந்து. அவள் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவள் இரண்டு கைகளையும் தரையில் வைத்துக்கொண்டாள். பந்து அவள் முன்னால் விழுந்தது.

ஆட்டம் முடிந்தது. பிரசிடெண்டால் எழுந்திருக்க முடியவில்லை. கால் மரத்துவிட்டது.

"சார், கைய ஊனி பின்னால நகுருங்க. ஈஸியா வரும்" என்றாள் செல்வி.

அவருக்கு வரவில்லை. நான்கு பேர் வந்து அவரைத் தூக்கி நாற்காலியில் வைத்தார்கள். நாற்காலியில் இருந்தபடியே மைக்கை வாங்கி, "ஜெயிச்சது நாங்க இல்ல, இவங்க சிரிப்பு" என்றார். எங்களில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. கைதட்டல் மட்டும் பலமாக இருந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் நான் அரங்கத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் என் தலையில் கை வைத்தார். (எனக்கு அப்போது முப்பத்தொரு வயது.)

"பாத்தேன்மா. இன்னும் ஆரம்பத்துலதான் இருக்கீங்க. எங்களையே ஜெயிக்க முடியல. இந்த லெவலுக்கு இவ்ளோ பெரிய ஹால் எதுக்கு? பீச்சுலயே நல்லா பழகுங்க. வருஷத்துக்கு ஒரு தடவ இங்க வந்து ஆடிட்டுப் போங்க."

வேண்டுமென்றேதான் தோற்றோம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். யார் நம்புவார்கள்? நம்பக்கூடிய ஒரே ஆள் செயலாளர் மாமி. அவர் வடைத் தட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

செல்வி மணலுக்கே திரும்பினாள். தார்ப்பாய் விரித்துப் பார்த்தோம், மணல் அதற்கு மேலும் ஏறியது. நான்காவது வாரம் புண் சீழ் வைத்தது. தேர்வு நாளில் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். நாங்கள் ஆறு பேர் போனோம். நிஜமாகவே ஆடினோம், நிஜமாகவே தோற்றோம். ஒருத்தியையும் எடுக்கவில்லை.

அவள் திரும்பி வந்த அன்று கடற்கரையிலேயே புது கேப்டனுக்குக் கை தூக்கினோம். எல்லாக் கையும் செல்விக்கு. என் கையும்தான். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "சர்வீஸ் போடுக்கா" என்றாள், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

அடுத்த வருடம் கிளப்பிலிருந்து போன் வந்தது. செல்வி எங்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். "வர்றோம் சார். இந்த தபா நெசமா ஆடுவோம். உங்க ஆளுங்கள தூக்கி வுட ஆளுங்கள ரெடியா வைங்க."

அதற்குப் பிறகு அங்கிருந்து போன் வரவில்லை. எங்களுக்கு இன்னும் தரை கிடைக்கவில்லை.

இப்போதும் நான் பட்டுப்புடவை கட்டி, கேலிப்பரை மாட்டிக்கொண்டு, தலைமைப் பண்பைப் பற்றிப் பேசக் கிளம்புவேன். வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருக்கும் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்பாள்:

"இன்னிக்கு யாருக்குடி தோத்துக் குடுக்கப் போற?"